பழைய மொறிஸ் மைனரின் மூடியும் ஆறு எழுத்துகளும்

சென்ற மாத உரையில், பழைய மோட்டார்க்காரின் எஞ்சின் மூடியில் மேலெழுந்து நிற்கும் எழுத்துகளுக்குப் பெயின்ற் பூசுவதைப்பற்றிப் பேசியிருந்தேன். நேரம் போதவில்லை. நிகழ்ச்சி முடிந்தபின் தொலைபேசியில் வந்தவர்களில் அரைவாசிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எழுத்தைச் சுற்றி அவ்வளவு நேராக எப்படிப் பூசுகிறீர்கள், கை நடுங்காதா?" அதற்குப் பதில் சொல்லாமல் விட்டது என் தவறு. செய்திமடலுக்கு எழுதித் தரும்படி நிலையத்தார் கேட்டதால் இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

பதில் இதுதான்: எழுத்தைச் சுற்றி யாரும் பூசுவதில்லை. முழுவதையும் ஒரே நிறத்தில் மூடிவிட்டு, பிறகு எழுத்தின் மேற்புறத்தை மட்டும் தொடுகிறோம். எழுத்து உயர்ந்து நிற்பதால், தட்டையான ஒரு பொருளை அதன்மேல் வைத்தால் அது எழுத்தை மட்டுமே தொடும், பள்ளத்தைத் தொடாது. உயரம்தான் வேலையைச் செய்கிறது. எங்கள் வீட்டு மூடியில் அந்த ஆறு எழுத்துகளுக்கும் கடைசியில் நிறம் வைத்தவர் 84 வயதான என் அப்பா. அவருக்குப் பார்க்கின்சன் நோய். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பவர்.

முதலில் இந்த மூடி எது என்று சொல்லவேண்டும். எஞ்சினின் உச்சியில், வால்வுகளைத் திறந்து மூடும் கைகளுக்கு மேலே கவிழ்த்து வைத்திருக்கும் நீளமான தொப்பி அது. ஊரில் மெக்கானிக்மார் டப்பெற் கவர் என்பார்கள். இங்கே இங்கிலாந்தில் றொக்கர் கவர். பொனற்றைத் திறந்தவுடன் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதனால்தான் கார்க் கம்பனிகள் தங்கள் பெயரை அதில் வார்த்தார்கள், அதற்கு நிறமும் அடித்தார்கள். பெராரி கம்பனியின் 1957ஆம் ஆண்டுப் பந்தயக் காருக்கு ‘டெஸ்ரா றொஸா’, அதாவது சிவப்புத் தலை, என்று பெயர் வந்ததே அதன் மூடிகளுக்கு அடித்த சிவப்புப் பெயின்றால்தான்.

எங்களுடையது பெராரி அல்ல. மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948இல் வெளிவந்து, 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார். 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே கம்பனியானபின் ஒஸ்ரினின் ‘ஏ சீரீஸ்’ எஞ்சின் இதற்குள் வந்தது. 1956இல் 948 சி.சி., 1962இல் 1098 சி.சி. இரண்டுக்கும் ஒரே மூடி பொருந்தும். இந்த விபரம் எனக்குப் பிறகு உதவியது.

அப்பா சுன்னாகத்தில் வாடகைக்கு ஓடியது 1959ஆம் ஆண்டு மொடல். அவர் அதை 1974இல் வாங்கும்போதே, கம்பனி பூட்டிய தகட்டு மூடிக்குப் பதிலாக, பழைய சொந்தக்காரர் அழகுக்காக வாங்கிப் பூட்டிய அலுமினிய வார்ப்பு மூடி இருந்ததாம். அதில் ‘மொறிஸ்’ என்று ஆங்கிலத்தில் ஆறு எழுத்துகள். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் முதல்நாள் பொனற்றைத் திறந்து அந்த எழுத்துகளைத் துடைப்பது என் வேலை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபின், மற்றக் கார்களைப் போலவே எங்கள் காரும் மண்ணெண்ணெயில் ஓடியது. மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, கார்பரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். எங்கும் புகையும் கரியும். அப்படிப்பட்ட 1991இலும் அப்பா அந்த எழுத்துகளுக்குச் சிவப்பு அடித்தார்.

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின்போது அந்தக் காரில் பதினொரு பேர் கொடிகாமம் போனோம். போனோம் என்பதைவிட, சனத்தோடு சனமாக ஊர்ந்தோம் என்பதே சரி. அடுத்த வருடம் காரை அங்கேயே ஒரு வளவில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். 2002இல் ஏ9 பாதை திறந்தபின் மாமா போய்ப் பார்த்தார். கூரையும் கதவுகளும் இல்லை. எஞ்சின் மட்டும் பற்றைக்குள் கிடந்தது. மாமா மூடியை மட்டும் கழற்றி, சாரத்தில் சுற்றி, 2003இல் லண்டனுக்குக் கொண்டுவந்தார். இருபது வருடம் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, அரிசிப் பைக்குப் பக்கத்தில் கிடந்தது. பிறகு நான் 1966ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றை இங்கே வாங்கினேன். அப்பாவின் மூடி அதற்கு அளவாகப் பொருந்தியது.

இனி வேலை. எந்த மூடியானாலும் முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இதைத் தெரியாமல் தொடங்கினால் எல்லாமே பிழைக்கும். இரும்பில் எழுத்தைப் பளபளப்பாக வெறுமையாக விட்டால் சில நாளில் துரு பிடிக்கும், ஆகவே அதற்கு நிறம் அடித்தே ஆகவேண்டும். அலுமினியத்தை வெறுமையாகவும் விடலாம்.

ஒயில் பிசுக்கைக் கழுவுவதுதான் மிக நீண்ட வேலை. உள்ளும் புறமும் பிசுக்கு நீக்கும் திரவம் போட்டு, பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர். ஒரு இடத்தில் விரலளவு ஒயில் இருந்தாலும் அந்த இடத்தில் பெயின்ற் மீன் கண்போலச் சுருங்கி விலகும். குக்கர் அவண் கழுவும் மருந்தைப் பாவிக்கவேண்டாம். அதில் கோஸ்ரிக் சோடா இருக்கும், அது அலுமினியத்தை அரித்துவிடும். நான் பழைய சாமான் சந்தையில் பழகுவதற்கென்று ஒரு மூடி வாங்கி, கெட்டித்தனமாக இரவு முழுக்க அந்த மருந்தில் ஊறவிட்டேன். காலையில் மூடி கறுத்து, எழுத்தின் ஓரமெல்லாம் சொரசொரத்துப் போயிருந்தது. அது அப்பாவின் மூடியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயம். தயவுசெய்து முதலில் வேறொன்றில் பழகுங்கள்.

மணல் அடித்துச் சுத்தம் செய்து தருகிறோம் என்று சில கராச்சுகள் சொல்லும். மூடியின் உள்ளே ஒயிலைத் தடுக்கும் தகடு இருந்தால் வேண்டாம். அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மணல் ஒருநாள் எஞ்சினுக்குள் இறங்கும்.

பழைய பெயின்றை உரிக்கும் இடத்தில்தான் எனக்கும் அப்பாவுக்கும் பிரச்சினை வந்தது. மேலே அந்த 1991ஆம் ஆண்டுச் சிவப்பு. அதற்குக் கீழே ஒரு வெள்ளிநிறம். எழுத்துகளின் மூலைகளில் அப்பாவின் பிறஷ் மயிர் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. இதை எப்படி உரிப்பது? கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்றேன். அப்பா மூடியை வாங்கிப் பார்த்தார்.

"உரி தம்பி. இது சைக்கிள் பெயின்ற். அப்ப வேற ஒண்டும் கிடைக்கேல்லை."

"அப்பா, நீங்கள் அடிச்சது எல்லோ?"

"நான் அடிச்சதாலதான் சொல்லுறன். வடிவில்லை. மண்ணெண்ணெய் பட்டுப் பட்டுக் கழண்டது. ஒருக்காலாவது ஒழுங்கா அடிச்சு வை."

அந்த வெள்ளிநிறம் எப்போது அடித்தது என்று கேட்டேன். "அக்கா பிறந்த வருசம். கேற்றுக்கு வாங்கினதில மிச்சம்," என்றார். எஸ் எழுத்தின் வால் உடைந்திருப்பது 1984இல் கை தவறிச் சீமெந்தில் விழுந்ததாலாம். அதை இரும்புப் பசையால் நிரப்பலாம், நான் நிரப்பவில்லை.

உரித்தேன். ஆனால் பின்பக்க ஓரத்தில், எஞ்சினில் பூட்டினால் யாருக்கும் தெரியாத இடத்தில், பெருவிரல் அளவு சிவப்பை விட்டு ரேப் ஒட்டி மறைத்தேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. செய்திமடல் வந்தால் அவர்தான் முதலில் வாசிப்பார், ஆகவே இனித் தெரிந்துவிடும்.

வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று: பழைய எனாமல் பெயின்றுகளில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் சுவாசத்தோடும் கையோடும் உள்ளே போகும். உரிக்கும் திரவம் போட்டு ஊறவைத்து, பிளாஸ்ரிக் சுரண்டியால் எடுங்கள். தேய்ப்பதென்றால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். குசினியில் செய்யவேண்டாம். அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம். இரண்டு போத்தல்களைக் கலந்து அடிக்கும் கார்ப் பெயின்றுகளில் ஐசோசயனேற் என்ற பொருள் இருக்கும். அதற்கு வெளிக்காற்று ஊட்டும் முகமூடி வேண்டும், சாதாரண முகமூடி போதாது. அது வீட்டில் செய்யும் வேலையே அல்ல. இந்த மூடிக்கு ரின்னில் வரும் சாதாரண எஞ்சின் எனாமல் போதும். மூடி புகைக்குழாய் மாதிரிக் கொதிப்பதில்லை, கிட்டத்தட்டத் தண்ணீர் கொதிக்கும் சூடுதான். சூட்டைவிட, ஒயிலையும் பெற்றோலையும் தாங்குவதுதான் முக்கியம்.

அலுமினியம் காற்றுப் பட்டவுடனே தன்மேல் ஒரு மெல்லிய தோல் போர்த்துக்கொள்ளும். சாதாரணப் பிறைமர் அதன்மேல் நன்றாக ஒட்டாது. அமிலம் கலந்த ‘எற்ச் பிறைமர்’ என்று கேட்டு வாங்குங்கள். அது உலோகத்தைச் சற்றே கடித்துப் பிடிக்கும். அதன்மேல் நிறம். எஞ்சினுக்குப் பொருத்தமான கரும்பச்சை எடுத்தேன். மெல்லிய மூன்று பூச்சு, நடுவில் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி. தடிப்பாக அடித்தால் ஓ எழுத்தின் நடுப்பள்ளத்திலும் ஆர் எழுத்தின் குழியிலும் பெயின்ற் தேங்கி, எழுத்தின் உயரமே குறைந்துவிடும். உயரம் போனால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. குளிர்காலத்தில் ரின்னை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சநேரம் வையுங்கள். கொதிதண்ணீர் கூடாது, வெடிக்கும்.

பிறகு பொறுமை. ஒரு வாரமாவது காயவேண்டும். நான் உடுப்புக் காயவைக்கும் சூடான அலுமாரிக்குள் வைத்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டுத் துவாய்கள் எல்லாம் பெயின்ற் மணத்தன. மனைவி இன்னும் அதைப்பற்றிப் பேசுகிறா.

எழுத்தை வெறும் அலுமினியமாகக் காட்டவேண்டுமென்றால் 400 இலக்கச் சான்ட்பேப்பரைத் தட்டையான மரக்கட்டையில் இறுக்கமாகச் சுற்றி, தண்ணீர் தொட்டு, மூடியின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். விரலில் சுற்றித் தேய்க்கவேண்டாம். விரல் மெத்தென்று இருப்பதால் எழுத்தின் ஓரத்தைத் தாண்டி வளைந்து இறங்கும், பக்கச் சுவரின் பெயின்றும் போய்விடும். கட்டை இறங்காது. முதலில் நடு எழுத்துகள் வெளிவந்து, ஓர எழுத்துகள் பச்சையாகவே நிற்கலாம். வார்ப்பு எப்போதும் சமமாக இருக்காது. அங்கே கட்டையை அழுத்தாதீர்கள், சிறிய கட்டைக்கு மாறி ஒவ்வொரு எழுத்தாகச் செய்யுங்கள். பெயின்ற் இன்னும் மெதுவாக இருந்தால் உரிந்து இழுபடும். அப்படியென்றால் நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு நாள் காயவிடுங்கள். பெயின்ற் அடிக்குமுன் எழுத்தின் தலையில் வாசலீன் தடவிவிட்டால் பிறகு துடைத்தே எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்தும் பார்த்தேன். வாசலீன் பக்கத்தில் வழிந்த இடமெல்லாம் பச்சையும் சேர்ந்து கழன்றது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆறு எழுத்தும் வெள்ளியாக மின்னின. பெருமையோடு அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நல்லாத்தான் இருக்கு என்றார். பிறகு, "சிவப்பு எங்க?" என்றார்.

இதைத் தொடங்குமுன்பே கேட்டிருக்கவேண்டும். எழுத்துக்கு நிறம் வைப்பதென்றால் உலோகம்வரை தேய்க்கத் தேவையே இல்லை. பச்சையின்மேலேயே வைக்கலாம், அதுதான் நன்றாகப் பிடிக்கும். வெறும் அலுமினியத்தில் வைத்தால் சூட்டில் செதிலாக விழும். ஆகவே மறுபடியும் பிறைமர், மறுபடியும் பச்சை, மறுபடியும் துவாய்களின் மணம். காய்ந்தபின் எழுத்துகளின் தலையை மட்டும் 800 இலக்கத் தாளால், அதே கட்டையில், மினுக்கம் போகும்வரை இலேசாகத் தடவினேன்.

சிவப்பு வைக்கப் பிறஷ் எடுத்தால் கை நடுங்கக் கூடாது. மகளின் பாடசாலைச் சித்திர வகுப்புச் சாமான்களுக்குள் கடினமான றப்பர் உருளை ஒன்று கிடந்தது, மரத்தில் செதுக்கிய படத்துக்கு மை தடவ உதவுவது. இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. பஞ்சு உருளை வேண்டாம், அது அமுங்கிப் பள்ளத்தையும் தொடும். ஒரு கண்ணாடித் துண்டில் சிவப்பு எனாமலைச் சில துளி விட்டு, உருளையை அதில் முன்னும் பின்னும் உருட்டி, ஏறக்குறைய காய்ந்ததுபோல் மெல்லிய படையாக வரும்வரை விடவேண்டும். பழைய கடதாசியில் ஒருமுறை உருட்டிப் பாருங்கள். சொதசொதவென்று சத்தம் வந்தால் பெயின்ற் கூட. சரசரவென்று வந்தால் சரி.

உருளையை அப்பாவிடம் கொடுத்தேன். வேண்டாம், பழுதாக்கிப்போடுவன் என்றார். மூடியை மேசையில் இறுக்கி, இரண்டு பக்கத்திலும் எழுத்தின் உயரத்துக்குச் சரியாக இரண்டு மரச்சட்டம் வைத்தேன், உருளை சரிந்துவிடாமல் அவற்றின்மேலும் உருளட்டும் என்று. அப்பாவின் கை ஆடியது. உருளையும் இடமும் வலமும் ஆடியது. ஆனால் பள்ளம் கீழே இருக்கிறது, உருளை மேலே ஓடுகிறது. எங்கே ஆடினாலும் சிவப்பு எழுத்தின் தலையில் மட்டும்தான் ஏறும். எம் முதலில் வந்தது, பிறகு ஓ. அப்பா ஒன்றும் பேசவில்லை. கடைசி எஸ் வந்தபோது, உடைந்த வால்வரை ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ஒரு நாள் விட்டு இரண்டாம் தடவையும் அவரே உருட்டினார். அதை நான் கேட்கவில்லை, காலையில் பார்க்க உருளையோடு இருந்தார்.

ஏதாவது பள்ளத்தில் பட்டுவிட்டால் உடனே துடைக்கப் போகாதீர்கள், பரவும். காய்ந்தபின் பல்லுக்குத்தும் குச்சியின் நுனியைத் தின்னரில் தொட்டு எடுக்கலாம்.

பூட்டும்போது புதிய கோர்க் காஸ்கெற் போடுங்கள். மேலே இரண்டு நட்டுத்தான். கை பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினால் கோர்க் பிதுங்கி, பிறகு ஒயில் கசியும். றப்பர் வளையம் அமரும்வரை போதும். முதல்நாள் எஞ்சின் சூடாகும்போது புதுப் பெயின்ற் கொஞ்சம் மணக்கும், இலேசாகப் புகையும். பயப்படவேண்டாம். அரை மணி ஓடவிட்டு, ஆறவிட்டு, நட்டை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

தொலைபேசியில் ஒரு அம்மா, ஊரிலிருந்து கப்பலில் வந்த தன் தாயாரின் கால்மிதிச் சிங்கர் தையல் மெசினைப்பற்றிக் கேட்டிருந்தா. இரும்புக் காலின் நடுவில் ‘சிங்கர்’ என்று வார்த்திருக்கும் எழுத்துகளுக்கு இதே முறை சரிவருமா என்று. சரிவரும். ஆனால் அது வார்ப்பிரும்பு. எற்ச் பிறைமர் தேவையில்லை, துருவைக் கம்பிப் பிறஷால் எடுத்து, இரும்புக்கான துருத் தடுப்புப் பிறைமர் அடித்து, அதன்மேல் கறுப்பு. எழுத்தை வெறுமையாக விடாமல் உருளையால் பொன்னிறம் வையுங்கள். தொடங்குமுன் சக்கரத்திலிருக்கும் தோல் பட்டியைக் கழற்றி வையுங்கள் அம்மா. அதில் பெயின்ற் பட்டால் மெசின் பிறகு வழுக்கும்.